விற்கிறவனுக்கு எப்படி வந்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹொக்கைடோத் தீவின் பூர்வகுடிகளான ஐனுக்களின் தங்கப் புதையலைத் தேடும் கதையான ‘கோல்டன் காமுய்’ என்ற ஜப்பானியச் சித்திரக்கதையின் (மங்கா) 31 தொகுதிகளையும் இரண்டு மாதங்களில் படித்து முடித்தேன். (சமையல் வரும் பக்கங்களைப் பெரும்பாலும் புரட்டித் தள்ளிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.) கதையில் கிழவராக வரும் சாமுராய் ஹிஜிகாத்தா தொஷிஸோ 1869இல் இறக்கவில்லை என்ற ஊகத்துக்கு வரலாற்றில் இடமுண்டா? புதையலைத் துரத்தும் ராணுவ அதிகாரி த்சுருமி கடைசியில் உயிர் தப்பினார் என்று ரசிகர்கள் சொல்வதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? கைதிகளின் தோலில் பச்சை குத்திய வரைபடம், அதற்காக அத்தனை கொலைகள், எல்லாம் முடிந்து ஹக்கோதாதே நகரின் கோரியோகாக்குக் கோட்டையில் ஒரு நிலப்பத்திரம் வெளிப்படுவது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்தப் பத்திரம் போலி, உண்மையான புதையல் வேறெங்கோ இருக்கிறது என்பது என் ஊகம். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

க.

அன்புள்ள க.,

ரசிகர் ஊகங்களைப் பற்றிய கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று, காலஞ்சென்ற என் தந்தையின் தகரப்பெட்டியைத் திறந்து, பூச்சி அரித்த பத்திர நகல்களை மொட்டைமாடி வெயிலில் பரப்பி வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு பத்திரத்தைப் பற்றி நீங்கள் எழுதியதால் இந்தப் பதில். மங்காவை இன்னும் படித்து முடிக்காதவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். முடிவைச் சொல்லாமல் இதைப் பேச இயலாது.

ஹிஜிகாத்தாவின் கேள்வியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அவர் 1869 ஜூனில் ஹக்கோதாதேயில், தமது 34ஆம் வயதில் சுடப்பட்டு இறந்தார். உடல் புதைக்கப்பட்ட இடம் உறுதியாகத் தெரியாததால், மங்காவின் ஆசிரியர் சதோரு நோதா அந்த இடைவெளிக்குள் ஒரு கிழவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார், அவ்வளவுதான். கதையில் அவரோடு அபாஷிரிச் சிறையில் இருந்த ஷிராய்ஷி என்ற கைதிக்கு மூல மனிதரான ஷிராத்தோரி யோஷியே 1907இல் பிறந்தவர். நான்கு முறை சிறையுடைத்தவர். 1944இல் அதே அபாஷிரியிலிருந்து, கைவிலங்கில் மிசோ (உப்புச் சோயா விழுது) சூப்பை ஊற்றி ஊற்றித் துருப்பிடிக்கவைத்துத் தப்பியவர். இறந்தவரை முன்னுக்கு இழுத்து, பிறக்காதவரைப் பின்னுக்குத் தள்ளி, ரஷ்ய–ஜப்பானியப் போர் முடிந்த காலத்து ஹொக்கைடோவில் இருவரையும் சேர்த்துவைத்த கதாசிரியரிடம் இறப்புச் சான்றிதழ் கேட்பது வீண்வேலை.

சமையல் பக்கங்களைத் தள்ளிவிட்டதற்கு உங்களை மன்னிப்பதற்கில்லை. இறைச்சியைக் கொத்தும்போது ‘சித்ததப், சித்ததப்’ என்று சொல்லிக்கொண்டே கொத்தவேண்டும் என்று ஐனுச் சிறுமி அசிர்பா கற்றுக்கொடுக்கும் பக்கங்களிலும், முன்னாள் ஜப்பானியச் சிப்பாய் சுகிமோத்தோவின் மிசோவைப் பார்த்து அவள் மலம் என்று முகம் சுளிக்கும் பக்கங்களிலும்தான் இரண்டு இனங்கள் ஒரே சட்டியின் முன்னால் உட்காரப் பழகுகின்றன. ஐனு மொழிக்காகச் சிபா பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர் ஹிரோஷி நாககாவாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு உருவான படைப்பு இது. அசிர்பா என்ற பெயரின் நடுவிலுள்ள மெய்யெழுத்தை எழுத ஜப்பானிய எழுத்தில் வழியில்லாமல் ‘ரி’ என்பதைச் சிறிதாக எழுதுகிறார்கள். நமக்கு ஒரு புள்ளி போதும். தோல்களை எல்லாம் சேர்த்து வைத்தவர்களாலும் குறிப்பைப் படிக்க முடியவில்லை என்பதையும், அதன் திறவுகோல் அசிர்பாவின் தாய் தன் கணவனுக்கு வைத்த ஓர் ஐனுப் பெயர் என்பதையும் மறந்துவிட்டீர்களா? நீங்கள் தேடிய புதையலுக்கான சாவியே நீங்கள் புரட்டித் தள்ளிய மொழிக்குள் இருந்தது.

இனி பத்திரத்துக்கு வருகிறேன். என் தந்தை பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு சாய்வு மேசை, ஒரு மரப்பெஞ்சு, ஒரு கூஜாத் தண்ணீர். அவருடைய உலகம் அவ்வளவுதான். நிலம் வாங்க வருகிறவர்கள் விலையைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வியைக் கேட்பார்: ‘விற்கிறவனுக்கு இது எப்படி வந்தது?’ மூலப்பத்திரத்தைப் பார்க்காமல் அவர் பேனாவைத் தொட்டதில்லை. அதனால் கைக்கு வந்த பிழைப்பைப் பலமுறை அடுத்த மேசைக்காரரிடம் இழந்திருக்கிறார். அம்மாவிடம் அதற்கு வாங்கிய வசவு தனிக்கணக்கு. கோரியோகாக்குவில் அந்தப் பத்திரம் வெளிவரும் அத்தியாயத்தைப் படித்தபோது எனக்குக் கேட்டது அவர் குரல்தான்.

அதில் என்ன எழுதியிருக்கிறது? எனோமோத்தோ தாகேஆகியின் எஸோ (ஹொக்கைடோவின் பழைய பெயர்) அரசாங்கத்துக்குத் தங்கத்தைக் கொடுத்து ஐனு மக்கள் நிலம் வாங்கியதாக எழுதியிருக்கிறது. தோக்குகாவா ஷோகன்களின் ராணுவ ஆட்சி கவிழ்ந்தபின் கப்பல்களோடு வடக்கே தப்பி வந்து, கோட்டையைப் பிடித்து, 1869 ஜனவரியில் தம் அதிகாரிகளைக்கொண்டே தம்மைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கவைத்து, அதே ஜூனில் சரணடைந்தவர் எனோமோத்தோ. ஐந்து மாத அரசாங்கம்! அது தலைமுறை தலைமுறையாக ஐனுக்கள் மான் வேட்டையாடி, சால்மன் பிடித்து வாழ்ந்த மண்ணை அவர்களுக்கே விற்கிறது. அவர்களும் தங்கள் ஆற்றுத் தங்கத்தைக் கொடுத்துத் தங்கள் ஆற்றங்கரையை வாங்கிக்கொள்கிறார்கள். விற்கிறவனுக்கு இது எப்படி வந்தது, க.? இந்த வில்லங்கத்தைப் பார்க்காமல் ‘பத்திரம் போலியா’ என்று கேட்கிறீர்களே! போலியாக இருந்திருந்தால் அது வெறும் துப்பறியும் கதை. அசலாக இருப்பதுதான் வயிற்றைப் பிசைகிறது.

கதைக்கு வெளியே எனோமோத்தோ உண்மையாகவே ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டார். மன்னிக்கப்பட்டு, தம்மை வென்ற மெய்ஜி அரசின் தூதராகி, 1875இல் புனித பீட்டர்ஸ்பர்க்கில் அவர் கையெழுத்திட்ட உடன்படிக்கையின்படி சகாலின் ரஷ்யாவுக்கும் குரில் தீவுகள் ஜப்பானுக்கும் போயின. அதன் விளைவாகச் சகாலின் ஐனுக்கள் 841 பேர் ஹொக்கைடோவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். மறு ஆண்டு அவர்கள் விருப்பத்துக்கு மாறாகக் கடலைவிட்டுத் தள்ளி த்சுயிஷிகாரியில் குடியமர்த்தப்பட்டு, பின்னர் வந்த காலராவிலும் பெரியம்மையிலும் 300க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கற்பனையில் எந்தக் கை ஐனுக்களுக்கு நிலம் எழுதிக்கொடுக்கிறதோ, அதே கைதான் வரலாற்றில் அவர்கள் காலடி மண்ணை எழுதிக்கொடுத்தது. அசிர்பாவின் தந்தைக்கு நோதா சகாலின் வேரைக் கொடுத்திருப்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

உள்நாட்டிலும் காகிதமே வேலை செய்தது. 1877ஆம் ஆண்டு நிலச்சான்று விதிகள் ஐனுக்களின் குடியிருப்பு நிலத்தை அரசு நிலமாகக் கணக்கில் ஏற்றின. 1899ஆம் ஆண்டுச் சட்டம், பெயரில் மட்டும் ‘பாதுகாப்பு’ என்று வைத்துக்கொண்டு, உழுவதற்கென்று குடும்பத்துக்கு அதிகபட்சம் 5 ஹெக்டேர் கொடுத்தது. 15 ஆண்டுகளுக்குள் உழுது பண்படுத்தாத பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றது. வேட்டையாடி வாழ்ந்தவனிடம் கலப்பையைக் கொடுத்துக் காலக்கெடுவும் விதித்த சட்டம் 1997 வரை ஏட்டில் இருந்தது. அதே 1997 மார்ச்சில் சப்போரோ மாவட்ட நீதிமன்றம், நிபுதானி அணைக்காக ஐனு நிலத்தைக் கையகப்படுத்தியது சட்டவிரோதம் என்றும், ஐனுக்கள் பூர்வகுடிகள் என்றும் தீர்ப்பளித்தது. ஆனால் அணையைக் கட்டி முடித்துவிட்டார்களே, இனி இடிப்பது பொதுநலனுக்கு ஆகாது என்று சொல்லி, கையகப்படுத்தலை ரத்து செய்யாமல் விட்டுவிட்டது. வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவரான கயானோ ஷிகேரு, ஜப்பானிய நாடாளுமன்றத்தின் முதல் ஐனு உறுப்பினர். அவர் கையில் தீர்ப்பு இருந்தது, நிலத்தின் மேல் தண்ணீர் நின்றது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு படிக்கும்போது, பத்திரத்தை வைத்து அசிர்பாவும் மற்றவர்களும் காட்டைக் காப்பாற்றியதாக நோதா இதமாக முடிப்பதில் எனக்கும் மனத்தாங்கல் உண்டு. அந்த அரசு தனக்கு எதிரான ஒரு பத்திரத்தை அவ்வளவு மரியாதையாக வாங்கிப் படித்திருக்கும் என்று நம்ப என் தந்தையின் மகனால் முடியவில்லை. நீங்கள் ஏமாந்த இடமும் நான் ஏமாந்த இடமும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. உங்களுக்குத் தங்கம் போதவில்லை, எனக்கு வில்லங்கம் போதவில்லை. இரண்டு மாதங்களில் 31 தொகுதிகளை ஓடிக் கடந்த உங்கள் வேகத்தைத் திட்டினாலும், முடித்த கையோடு யாருக்காவது எழுதவேண்டும் என்று தோன்றியதே, அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. முதல் தொகுதியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். இந்த முறை சட்டியைத் தாண்டிப் போகாதீர்கள்.

த்சுருமியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. இறந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாடியில் காகிதங்களை எடுத்துவைக்க வேண்டும், மழை வரும்போல் இருக்கிறது.