நெல்லையிலிருந்து ஐஎஸ்எல்: செலவு டிக்கெட்டில் இல்லை, திரும்பி வருவதில்தான்

ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்தில் சென்னையின் எஃப்சி அணி சென்னையில் ஆடும் எல்லா ஆட்டத்துக்கும் பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு பையன்களோடு போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வருடத்துக்கு ஒரு ஆட்டம் என்றால் தாராளமாகப் போங்கள். எல்லா ஆட்டத்துக்கும் போவது கட்டுப்படியாகாது.

உங்கள் கணக்கு எகிறுவதற்குக் காரணம் டிக்கெட்டாக இருக்காது. 7.30க்குத் தொடங்கும் ஆட்டம் முடிய 9.30 தாண்டிவிடும். அதற்குள் நெல்லை எக்ஸ்பிரஸ் எழும்பூரை விட்டுக் கிளம்பியிருக்கும். அப்புறம் லாட்ஜ் எடுக்கணும், இல்லையென்றால் தூங்கி வழிகிற பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கிளாம்பாக்கம் ஓடி பஸ் பிடிக்கணும். நான் ஒருமுறை ஓடினேன். சின்னவன் செருப்பில் ஒன்று ஆட்டோவிலேயே போய்விட்டது!

அதனால் முதலில் அட்டவணையில் மாலை 5 மணி ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 7 மணி வாக்கில் வெளியே வந்துவிடலாம். ஸ்டேடியம் இருக்கும் பெரியமேட்டிலிருந்து எழும்பூர் பக்கம்தான்.

இடம் எடுக்கும்போதும் கவனம். நேரு ஸ்டேடியத்தில் மைதானத்தைச் சுற்றி ஓடுபாதை இருக்கிறது. கோலுக்குப் பின்னால் கீழ்வரிசையில் உட்கார்ந்தால் எதிர்ப்பக்க கோல் எறும்பு ஊர்கிற மாதிரிதான் தெரியும். நீளவாட்டில், கொஞ்சம் மேலே எடுங்கள். கோல் விழும்போது அந்த கேலரி அதிர்வதை டிவியில் பார்க்க முடியாது. பையன்களுக்கு அது ஒருமுறையாவது கிடைக்கட்டும்.

ஒன்று மட்டும்: ஆட்டத் தேதிகள் மாறும். ஆட்ட டிக்கெட் விற்பனை தொடங்கும் வரை, ரத்து செய்தால் பணம் திரும்பாத அறை எதையும் போடாதீர்கள்.