இராயனுக்கு யார் எவ்வளவு கொடுப்பது?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

அமெரிக்கச் சபைகள் மாநில பட்ஜெட்டுக்காகவும் கூலிக்காகவும் சட்டமன்ற வாசலில் போய் நிற்பதைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். நான் ஒரு சி.எஸ்.ஐ. சபையில் பல ஆண்டுகள் பொருளாளராக இருந்தவன். எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. ‘இராயனுடையதை இராயனுக்கும் தேவனுடையதைத் தேவனுக்கும் செலுத்துங்கள்’ என்று இயேசுவே கோடு போட்டுக் கொடுத்துவிட்டார். ஏழைக்கு உதவ வேண்டுமானால் காணிக்கையிலிருந்து உதவலாம். வரி எத்தனை சதவீதம் என்பதில் குருவானவருக்கு என்ன வேலை? அப்படிப் பேசி ஜெயித்தவர்களாவது உண்டா?

ஜே.

அன்புள்ள ஜே.,

பொருளாளராக இருந்தவரிடம் கணக்கிலிருந்து தொடங்குவதுதான் முறை. அலபாமா மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். 2002-ல் அங்கே நான்கு பேர் கொண்ட குடும்பம் ஆண்டுக்கு 4,600 டாலருக்கு மேல் சம்பாதித்தாலே மாநில வருமான வரி கட்ட வேண்டும். மத்திய அரசின் வறுமைக் கோட்டில் அது ஏறக்குறைய கால் பங்கு. மாவும் பாலும் வாங்கினால் அதற்கும் விற்பனை வரி. மறுபக்கம், மாநில நிலத்தில் 71 சதவீதம் மரம் வளர்க்கும் காடு. சொத்து வரியில் அந்த நிலங்களின் பங்கு 2 சதவீதம்கூட இல்லை. இது தற்செயலாக நடந்ததல்ல. கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறிக்கவென்றே 1901-ல் எழுதப்பட்ட அரசியல் சட்டம்தான் சொத்து வரிக்கும் உச்சவரம்பு வைத்துப் பூட்டியது.

இந்த எண்களையெல்லாம் தொகுத்தவர் சூசன் பேஸ் ஹாமில், அலபாமா பல்கலைக்கழகத்தின் வரிச் சட்டப் பேராசிரியை. விடுப்பு எடுத்துக்கொண்டு இறையியல் படிக்கப் போனவர், அங்கே இதையே ஆய்வுப் பொருளாக்கினார். வேதத்தை நம்புகிறவர்கள் இப்படியொரு வரிமுறையைத் தாங்கிப்பிடிக்க முடியாது என்று வாதிட்டு 2002-ல் சட்ட ஆய்விதழில் நீண்ட கட்டுரை வெளியிட்டார்.

இப்போது உங்கள் வசனத்துக்கு வருகிறேன். இயேசுவிடம் கேட்கப்பட்ட கேள்வி, இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசனுக்கு, வரி கொடுக்கலாமா கூடாதா என்பது. அதுவும் அவரைச் சிக்கவைக்கக் கேட்டது. யாரிடம் எவ்வளவு வாங்கலாம் என்று அங்கே எவரும் கேட்கவில்லை. அதற்கான பதிலை மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணத்தில்தான் தேட வேண்டும். லேவியராகமம் 19-ஆம் அதிகாரம், வயலின் ஓரத்தை அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, எளியவனுக்கு விட்டுவிடு என்கிறது. நிலக்காரன் மனமிரங்கிச் செய்யும் தர்மமாக அது சொல்லப்படவில்லை. அவன்மேல் விழுந்த கட்டளை. காணிக்கையோ கொடுப்பவர் மனது வைத்தால்தான் உண்டு. யார் எப்போது மனது வைப்பார்கள் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

ஜெயித்தார்களா என்று கேட்கிறீர்கள். முதலில் படுதோல்வி. குடியரசுக் கட்சிக்காரரான ஆளுநர் பாப் ரைலி, தெற்கத்திய பாப்டிஸ்ட், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் வரி உயர்வை எதிர்த்தே பேர் வாங்கியவர். அவரே 2003-ல் வேத நியாயத்தைச் சொல்லி, ஏழைகளின் வருமான வரி வரம்பைப் பல மடங்கு உயர்த்தி, பெருநிலக்காரர்களிடம் கூடுதலாக வாங்கும் 120 கோடி டாலர் திட்டத்தைப் பொதுவாக்கெடுப்புக்கு வைத்தார். கிறிஸ்தவக் கூட்டமைப்பு (Christian Coalition) என்ற பழமைவாத அமைப்பின் தேசியத் தலைமை ஆதரித்தது. அதன் அலபாமா கிளையோ எதிர்த்தது! செப்டம்பர் 9-ஆம் தேதி வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றார்கள். பலன் பெறக்கூடிய ஏழைகளிலும் ஏராளமானோர் எதிர்த்தே வாக்களித்தார்கள். அவர்களை அறியாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். தங்களிடம் வாங்கிய பணத்தை ஒழுங்காகச் செலவழித்துக் காட்டாத அரசு இன்னும் கேட்டால் யார் நம்புவார்கள்? அந்த அவநம்பிக்கையைப் பிரசங்கத்தால் தீர்க்க முடியாது.

பலித்தது வேறு வகை வேலை. 1988 முதல் இயங்கும் அலபாமா அரைஸ் என்ற அமைப்பில் சபைகளும் சமூக அமைப்புகளும் சேர்ந்திருக்கின்றன. மளிகை வரியை நீக்கவும் ஏழைகளின் வருமான வரியைக் குறைக்கவும் சொல்லி கூட்டத்தொடருக்குக் கூட்டத்தொடர் சட்டமன்றத்துக்குப் போய் அலுக்காமல் பேசினார்கள். 2006-ல் வருமான வரி வரம்பு 12,600 டாலராக உயர்ந்தது. 2023-ல், ஓர் எதிர்வாக்குகூட இல்லாமல், மளிகைக்கான மாநில வரி 4 சதவீதத்திலிருந்து 3 ஆனது. 2025 செப்டம்பரில் 2 ஆனது.

இதை முழு வெற்றியாக நான் எண்ணவில்லை. அந்த வரிதான் பள்ளிகளுக்குப் போகும் பணம். ஈடுகட்ட அரைஸ் அமைப்பினர் சொன்ன வழி, மத்திய அரசுக்குக் கட்டிய வருமான வரியை மாநிலக் கணக்கில் கழித்துக்கொள்ளும் சலுகையை நிறுத்துவது. பெரும் வருமானக்காரருக்கே பெரும் லாபம் தரும் அந்தச் சலுகையை யாரும் தொடவில்லை. ஏழையின் சுமையைக் குறைக்க எல்லோரும் கை தூக்குவார்கள், அதைப் பணக்காரர் தோளுக்கு மாற்றாதவரை. கூலியிலும் இதே கதை: 2016-ல் பர்மிங்ஹாம் நகர மன்றம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 10.10 டாலராக்கியதும் மாநிலச் சட்டமன்றம் குறுக்கே சட்டம் போட்டுத் தடுத்தது. இன்றும் அங்கே 2009-ஆம் ஆண்டின் மத்தியக் கூலியான 7.25 டாலர்தான்.

சபைகள் கூலி பேசுவதற்கு உங்களுடையதைவிட வலுவான ஓர் ஆட்சேபம் என்னிடம் இருக்கிறது. அறுத்தவனின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்ற யாக்கோபின் வார்த்தையைப் பீடத்திலிருந்து வாசிக்கும் சபைகளே பள்ளிகளும் மருத்துவமனைகளும் நடத்துகின்றன. அங்கே அரசுச் சம்பளம் இல்லாமல் நிர்வாகச் சம்பளத்தில் வேலை பார்க்கும் ஆசிரியைகள், ஆயாக்கள், காவலாளிகள் மாதம் எவ்வளவு வாங்குகிறார்கள்? அந்தப் பதிவேட்டில் பல ஆண்டுகள் கையெழுத்துப் போட்டவர் நீங்கள். அடுத்த கடிதத்தில் அதைப் பற்றி எழுதுங்கள், அப்படியே வெளியிடுகிறேன்.