அந்த வேனைக் கொடுத்துவிடாதீர்கள், தம்பி

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து நியூ ஜெர்சிக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: செகண்ட் ஹேண்ட் மினிவேன், லேசாக இடிபட்டதற்கே பக்கக் கதவு திறந்து மனைவி ரோட்டில் விழுந்து தோள் எலும்பு முறிந்துவிட்டது. இடித்தவரின் இன்சூரன்ஸ்காரர்கள் வேனை எடுத்துக்கொண்டு ஒரு தொகை தருகிறார்களாம், வாங்கலாமா? வாடகை, மளிகை பற்றியும் கேட்கிறார். அதை நம் ஊர்க் கடைகள் நிறைந்த எடிசன் ஓக் ட்ரீ ரோட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வேனை யாருக்கும் கொடுக்காதீர்கள், ரிப்பேரும் செய்யாதீர்கள். அந்தக் கதவுப் பூட்டுதான் உங்கள் சாட்சி. வடிவமைப்பே கோளாறா, தயாரிப்பில் பழுதா, பழைய ஓனர் கைவைத்துக் கெடுத்தாரா என்பதை நிபுணர் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். வேன் பழைய இரும்புக்குப் போய்விட்டால் தப்பு கார் கம்பெனி மேல் என்று எதை வைத்து நிரூபிப்பீர்கள்? இடிபட்ட வண்டிகளை நிறுத்தும் யார்டில் வண்டி நின்றால், அதை அழிக்கக்கூடாது என்று அவர்களுக்கு இன்றே எழுத்தில் கொடுங்கள். இன்சூரன்ஸ்காரர்கள் நீட்டும் தாளில் கையெழுத்துப் போட்டால், கார் கம்பெனி போன்ற மற்றவர்கள் மீது கேஸ் போடும் உரிமையும் சேர்ந்து போய்விடலாம். வக்கீல் படிக்காமல் போடாதீர்கள்.

"கேஸ் போட்டால் விசா போய்விடும்" என்று நம் ஆட்களே பயமுறுத்துவார்கள். நான் வந்த புதிதில் என் ரூம்மேட்டின் விரல்கள் வேன் கதவில் நசுங்கியபோதும் இதையேதான் சொன்னார்கள். பாவம், ஆஸ்பத்திரி பில்லைக் கைக்காசில் கட்டினான். எனக்கு இன்னும் ஆறவில்லை. நஷ்டஈடு கேட்பது குற்றமில்லை, அதற்காக யார் விசாவையும் பறிப்பதில்லை. இந்த வகை வழக்குகளில் வக்கீல்கள் பெரும்பாலும் முன்பணம் கேட்பதில்லை; ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு வரை எடுப்பார்கள்.

இன்னொரு கூட்டம் கோடி கோடியாக வரும் என்று ஆசை காட்டும். கிரைஸ்லர் மினிவேனின் பின்கதவு திறந்து ஒரு சிறுவன் இறந்த வழக்கில், 1997ல் தென் கரோலினா ஜூரி 26 கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது உண்மை. 2001ல் மேல்கோர்ட் அந்தத் தீர்ப்பை ரத்து செய்ததை இவர்கள் சொல்லமாட்டார்கள்.

நியூ ஜெர்சியில் பொதுவாக அடிபட்ட நாளிலிருந்து 2 வருடத்துக்குள் வழக்கே தாக்கலாகியிருக்க வேண்டும். பேச்சுவார்த்தை நடக்கிறது என்று நாளைக் கடத்திவிடாதீர்கள். முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் 17 இலக்க வண்டி எண்ணை அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை (NHTSA) இணையதளத்தில் போட்டு, ரீகால், அதாவது பழுதைச் சரிசெய்ய கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பது, நிலுவையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எங்கள் ஊரில் ஏற்காடு எஸ்டேட் ஜீப்பின் கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்குவோம். யாராவது விழுந்தால் முதலாளி கைச்செலவுக்குக் கொடுப்பார், பஞ்சாயத்து முடிந்துவிடும். கொடுத்ததை வாங்கிக்கொள்ளும் அந்தப் பழக்கத்தை நான் இங்கே வந்தபின் விட்டொழித்தேன், தம்பி. ஒவ்வொரு தாளையும் படித்துக் கேள்வி கேட்கப் பழகினேன். தங்கச்சிக்குத் தோள் சரியாக எத்தனை மாதம் ஆகும் என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். அதுவரை எந்தத் தொகைக்கும் சரி சொல்ல வேண்டாம்.