லண்டன் கணவரிடம் போக விசா மறுப்பு: மேன்முறையீடா, புது விண்ணப்பமா?

கேள்வி: எனக்கு வயது 29, சுன்னாகத்தில் இருக்கிறேன். கணவர் பிரித்தானியக் குடியுரிமை உள்ளவர், லண்டன் ஹரோவில் அவருடைய சித்தப்பாவின் கடையில் மனேஜராக வேலை செய்கிறார். பெப்ரவரியில் எங்களுக்கு எழுத்து (விவாகப் பதிவு) நடந்தது, மே மாதம் கோயிலில் தாலி கட்டினார். அதற்கு முந்தைய ஒக்டோபரிலேயே அவருடைய சம்பளத்தை 24,000 பவுண்டிலிருந்து 29,500 ஆகக் கூட்டியிருந்தார்கள். ஆறு மாத பே ஸ்லிப்பும் வங்கிக் கூற்றும் வைத்து ஜூனில் விண்ணப்பித்தோம். வருமான நிபந்தனை பூர்த்தியாகவில்லை என்று மறுத்துவிட்டார்கள். ஒரு மாதச் சம்பளம் வங்கியில் காணவில்லை என்றும், திருமணத் திகதி தெளிவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். 29,000 போதும் என்றுதானே சட்டம்? மேன்முறையீடு செய்வதா, திரும்பப் போடுவதா? விசிட் விசாவில் போய் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். ஊரில் எல்லோரும் "எப்ப போறாய்?" என்று கேட்கிறார்கள். வெளியில் போகவே பிடிக்கவில்லை.

பதில்: தங்கை, முதலில் அந்தக் கடிதத்தைப் பயமில்லாமல் இன்னொரு முறை வாசியுங்கள். உங்கள் கலியாணம் பொய் என்று அதில் யாரும் சொல்லவில்லை. உங்களில் குற்றம் எதுவும் இல்லை. தடக்கியது கணவரின் சம்பளக் கடதாசிகளில்தான். அதைச் சரிசெய்யலாம். ஆனால் எங்கே தடக்கியது என்று விளங்காமல் அதே கடதாசிகளைத் திரும்ப அனுப்பினால் அதே பதில்தான் வரும்.

2024 ஏப்ரல் 11 முதல் புதிதாக விண்ணப்பிக்கும் தம்பதிகளுக்கு வருமான எல்லை 29,000 பவுண்ட். அதற்கு முன் 18,600 ஆக இருந்தது. உங்கள் கணவர் 29,500 எடுக்கிறார். சாதாரணமாக ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் இந்தச் சம்பளத்தில் வேலை செய்திருந்தால் போதும். ஆறு மாத பே ஸ்லிப், அதே மாதங்களுக்கான வங்கிக் கூற்று, முதலாளியின் கடிதம், இவ்வளவுதான். நீங்களும் அப்படி நினைத்துத்தான் போட்டிருக்கிறீர்கள்.

சிக்கல் அந்தச் "சித்தப்பாவின் கடை" என்ற சொல்லில் இருக்கிறது. கடை ஒரு லிமிடெட் கம்பனியாக இருந்து, அதன் பங்குகள் உங்கள் கணவருடைய அல்லது உங்களுடைய நெருங்கிய உறவினர் கையில் இருந்தால், அந்தச் சம்பளத்தைச் சாதாரணச் சம்பளமாக உள்துறை அமைச்சு எடுக்காது. பெற்றோர், பேரன் பேத்தி, சகோதரர்கள், மாமா, சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மருமக்கள், ஒன்றுவிட்ட சகோதரர்கள் வரை இந்தப் பட்டியல் நீளும். குடும்பத்துக்கு வெளியே பங்கு வைத்திருப்பவர்கள் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தாலும் விதி மாறாது. கணவர் டிரெக்டராக இருக்க வேண்டும் என்றும் இல்லை, வெறும் ஊழியராக இருந்தாலே போதும். குடும்பத்துக்குள் சம்பளத்தை விசாவுக்காக ஏற்றிக் காட்டலாம் என்ற சந்தேகம்தான் காரணம். நம்மவர்களின் கடை, பெற்றோல் நிலையம், ரெஸ்டோரண்ட் என்று உறவுக்காரரிடமே வேலை செய்பவர்கள் ஏராளம், ஆனால் இந்த விதி பலருக்கு மறுப்புக் கடிதம் வந்த பிறகுதான் தெரியவருகிறது. அது எனக்கு உண்மையிலேயே வேதனை.

இந்த வகையில் கடைசி ஆறு மாதத்தைப் பார்க்க மாட்டார்கள். கம்பனியின் முடிந்துபோன முழு நிதியாண்டைத்தான் பார்ப்பார்கள். கம்பனியின் ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை 24,000 வீதம் ஆறு மாதத்துக்கு 12,000. ஒக்டோபர் முதல் மார்ச் வரை 29,500 வீதம் 14,750. மொத்தம் 26,750. எல்லைக்கு 2,250 குறைவு. இந்த இடைவெளியைச் சேமிப்புப் பணத்தால் நிரப்பவும் முடியாது. சாதாரணச் சம்பளக்காரர்களுக்கு அந்த வசதி இருக்கிறது: 16,000 பவுண்டும், குறைகிற தொகையின் இரண்டரை மடங்கும் ஆறு மாதம் கையிருப்பில் இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். குடும்பக் கம்பனி வருமானத்தோடு சேமிப்பைச் சேர்க்க விடமாட்டார்கள். சேமிப்பை மட்டுமே காட்டுவதென்றால் 88,500 பவுண்ட் வேண்டும். உங்கள் இலங்கைச் சம்பளத்தைச் சேர்க்கலாமா என்று நினைப்பீர்கள். முடியாது, நீங்கள் வெளிநாட்டில் உழைப்பது இந்தக் கணக்கில் வராது.

ஆகவே கணவருக்கு முன்னால் இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, சித்தப்பாவிடமே இருப்பது. இந்த நிதியாண்டு முழுவதும் 29,500 எடுத்து அது முடிந்ததும் விண்ணப்பிக்கலாம். ஆனால் கடதாசி வேலை கூட. கம்பனியின் கோர்ப்பரேஷன் வரிப் படிவம், அது வரித் திணைக்களத்தில் தாக்கல் செய்யப்பட்டதற்கான அத்தாட்சி, ஆண்டுக் கணக்கறிக்கை, கம்பனிப் பதிவகத்திலிருந்து எடுத்த விபரம், அந்தப் பன்னிரண்டு மாதத்துக்கும் கம்பனியின் வங்கிக் கூற்று, கணவரின் பே ஸ்லிப், பி60 (வரியாண்டு முடிவில் முதலாளி தரும் சம்பள, வரிச் சான்று), அவருடைய சொந்த வங்கிக் கூற்று எல்லாம் வேண்டும். சித்தப்பா தன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டச் சம்மதிக்க வேண்டும், அதை முதலே மனம் திறந்து கேட்டுவிடுங்கள். இன்னொரு தடங்கல் அக்கவுண்டன்ட். கணக்கறிக்கைக்கு ஒன்பது மாதமும் வரிப் படிவத்துக்குப் பன்னிரண்டு மாதமும் சட்டத்தில் அவகாசம் இருப்பதால், பலர் கடைசி வாரம்வரை தொடவே மாட்டார்கள். ஆண்டு முடிந்த உடனேயே செய்து தரும்படி இப்போதே சொல்லி வைத்தால் உங்கள் காத்திருப்பில் பல மாதம் மிச்சமாகும்.

மற்றது, உறவில்லாத ஒரு முதலாளியிடம் 29,000க்கு மேல் சம்பளத்தில் வேலைக்குப் போவது. ஆறு மாதம் முடிந்ததும் எளிய வகையில் விண்ணப்பிக்கலாம், யாருடைய கம்பனிக் கணக்கும் தேவையில்லை. அப்படி வேலை கிடைக்குமென்றால் இதைத்தான் நான் பரிந்துரைப்பேன். சித்தப்பா மனம் நோவார் என்று தயங்க வேண்டாம், விபரத்தைச் சொன்னால் அவருக்கும் விளங்கும். ஆறு மாதத்துக்குள் ஒரு மாதம் சம்பளம் குறைந்தாலும் அந்தக் குறைந்த மாதத்தை வைத்தே ஆண்டுச் சம்பளத்தைக் கணக்கிடுவார்கள் என்பதை மட்டும் கணவர் நினைவில் வைத்திருக்கட்டும். சம்பளமில்லாத லீவு எடுக்கும்போது கவனம்.

வங்கியில் காணாத அந்த மாதச் சம்பளம் கையில் காசாகக் கொடுக்கப்பட்டது என்று நினைக்கிறேன். கடைகளில் இது வழமை. வரி கட்டிய காசு என்றாலும் வங்கியில் போடாவிட்டால் அதிகாரிக்கு அது வராத சம்பளம். பே ஸ்லிப்பில் 1,998 என்றால் வங்கியில் 1,998 விழ வேண்டும். பாதி வங்கியில், பாதி கையில் என்ற பேச்சே இனி வேண்டாம்.

திருமணத் திகதி சின்ன விஷயம். ஆனால் விட்டுவிடக் கூடாது. எழுத்து ஒரு நாள், தாலி இன்னொரு நாள் என்பது நமக்குச் சாதாரணம். இங்கிலாந்தில் கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு ஒரு படிவத்தில் பெப்ரவரி, கலியாண அட்டையில் மே என்றால் குழப்பம்தான். படிவத்தில் விவாகப் பதிவுத் திகதியையே எழுதுங்கள். நம் வழக்கத்தை விளக்கி நீங்கள் இருவரும் ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி வையுங்கள். கணவர் இரண்டு முறையும் இலங்கைக்கு வந்ததைக் காட்டும் கடவுச்சீட்டு முத்திரைகளின் பிரதியும், இரண்டு நாளிலும் எடுத்த சில படங்களும் போதும். விவாகச் சான்றிதழ் ஆங்கிலத்தில் இல்லையென்றால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, அவருடைய பெயர், கையொப்பம், திகதி, தொடர்பு விபரம், மொழிபெயர்ப்பு சரியானது என்ற உறுதி எல்லாம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பேசிச் செய்த கலியாணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதைப் பிரித்தானியச் சட்டம் ஏற்கிறது, ஆனால் நீங்கள் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும். வட்ஸ்அப் அரட்டையை நூற்றுக்கணக்கான பக்கம் அச்செடுத்து அனுப்பாதீர்கள். மாதத்துக்கு ஓரிரு பக்க அழைப்புப் பதிவு, அவர் உங்களுக்கு அனுப்பிய பணத்தின் ரசீதுகள், இனி அவர் வந்துபோகும் பயணச் சீட்டு, இவைதான் வலுவானவை.

சரி, மேன்முறையீடா, புது விண்ணப்பமா? மறுப்பைப் பெற்ற நாளிலிருந்து 28 நாளுக்குள் மேன்முறையீடு செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. உங்கள் நிலையில் நான் புது விண்ணப்பத்தையே சொல்வேன். அதிகாரி விதியைத் தவறாகப் பிரயோகித்திருந்தால், அல்லது உறவு பொய் என்றோ நீங்கள் ஏமாற்றினீர்கள் என்றோ எழுதியிருந்தால், எந்தச் செலவானாலும் மேன்முறையீடு செய்யச் சொல்லியிருப்பேன். அப்படியொரு வரியைக் கோப்பில் அப்படியே கிடக்க விடக் கூடாது. உங்கள் விடயத்தில் அதிகாரியின் கணக்கு சரியாகவே தெரிகிறது. நீதிபதி குடும்ப வாழ்க்கை உரிமையைக் கருதலாம்தான், ஆனால் வருமானம் உண்மையிலேயே குறைவாக இருக்கும்போது அது கடினமான வழக்கு. தீர்ப்பு வரப் பல மாதம் பிடிக்கும். அந்த நேரத்தில் நிதியாண்டே முடிந்துவிடும். ஒரேயொரு நிபந்தனை: கடை கம்பனியே இல்லை என்றாலோ, சித்தப்பாவின் பெயரில் பங்கு இல்லை என்றாலோ நான் சொன்னதெல்லாம் மாறும். ஆகவே கடிதத்தை ஒரு லோயரிடம் காட்டாமல் 28 நாளையும் தவறவிடாதீர்கள்.

செலவைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சின்னத் தொகை இல்லை. 2025 ஏப்ரலில் விசாக் கட்டணம் 1,938 பவுண்டாக இருந்தது. சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 1,035 வீதம், முதல் 33 மாத விசாவுக்கு 3,105. மறுத்தால் சுகாதாரக் கட்டணம் திரும்பி வரும், விசாக் கட்டணம் வராது. கட்டும் அன்று அரசின் இணையத்தளத்தில் தொகையைப் பாருங்கள், இது அடிக்கடி ஏறும். உங்கள் ஆங்கிலப் பரீட்சைச் சான்றிதழ் இரண்டு ஆண்டுக்குள் என்றால் திரும்பப் பாவிக்கலாம். காசநோய்ச் சான்றிதழ் ஆறு மாதத்தில் காலாவதியாகும், அதை விண்ணப்பிக்கும் நேரத்துக்குக் கிட்டவே எடுங்கள்.

விசிட் விசா யோசனையைத் தயவுசெய்து விடுங்கள். விசிட் விசாவில் உள்ளே போனவர் அங்கேயே துணை விசாவுக்கு மாற முடியாது. அதற்கு முதல், கணவர் அங்கே, துணை விசா மறுப்பு இப்போதுதான் என்ற நிலையில், நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று எந்த அதிகாரி நம்புவார்? இரண்டாவது மறுப்புத்தான் சேரும். இந்த மறுப்பை மறைத்து எழுதினால் நிலைமை இன்னும் மோசம். ஏமாற்றியதாக முடிவானால் பல விசா வகைகளில் பத்து ஆண்டுத் தடை வரும். நூறு வீதம் உறுதி தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். பிரித்தானியாவில் காசுக்குக் குடிவரவு ஆலோசனை சொல்பவர் தகுதிபெற்ற சட்டத்தரணியாகவோ, குடிவரவு ஆலோசனை அதிகாரசபையில் பதிவானவராகவோ இருக்க வேண்டும். அந்த அதிகாரசபையின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விசா கிடைத்துப் போன நாளிலிருந்தே நீங்கள் வேலை செய்யலாம், அரசாங்க வைத்தியம் பார்க்கலாம். அரச கொடுப்பனவுகள் மட்டும் எடுக்க முடியாது. உங்கள் கடவுச்சீட்டு உங்கள் கையில் இருக்கட்டும், உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு திறந்துவிடுங்கள். இது உங்கள் கணவரைச் சந்தேகித்துச் சொல்வதில்லை, போகிற எல்லாப் பெண்களுக்கும் சொல்வது. வீட்டில் வன்முறை நடந்து உறவு முறிந்தால், துணை விசாவில் வந்தவர் அந்தக் காரணத்தாலேயே நிரந்தர வதிவிடம் கேட்கத் தனி வழி அந்தச் சட்டத்தில் இருக்கிறது. விசாவுக்குப் பயந்து யாரும் அடிபட வேண்டியதில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியவை: மறுப்பு எந்தத் திகதியில் கைக்கு வந்தது என்று பாருங்கள். கணவர் இரண்டு விபரம் கேட்டு வரட்டும். கம்பனியின் பங்குகள் யார் யார் பெயரில் இருக்கின்றன, நிதியாண்டு எந்த மாதத்தில் முடிகிறது. முதலாவதைக் கம்பனிப் பதிவக இணையத்தளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். அந்த இரண்டும் மறுப்புக் கடிதமும் கையில் இருந்தால், எந்த நல்ல லோயரும் திரும்ப விண்ணப்பிக்க வேண்டிய மாதத்தை உங்களுக்குச் சொல்லிவிடுவார்.