ஜூலையில் பெற்றோரை ஹாலாங் விரிகுடாவுக்கு அழைத்துப் போகலாமா?

தம்பி, ஹனோய்க்கு வேலைக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது, ஜூலையில் அப்பா அம்மா ஊரிலிருந்து வருகிறார்கள், அவர்களை ஹாலாங் விரிகுடாவில் ஓர் இரவு படகில் தங்க வைக்க வேண்டும், எந்தப் படகு மலிவு என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை வீடு, இந்திய மளிகை, பைக் உரிமம். வீட்டையும் மளிகையையும் உங்கள் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். பைக்கை உரிமம் கையில் வரும்வரை தொடாதீர்கள். படகைப் பற்றித்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. நான் இங்கே வந்தபோது இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. முகவர் சொன்னதே வேதம் என்றிருந்த காலம் அது.

முதலில், ஜூலையை மாற்ற முடியுமா பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வட வியட்நாமுக்குப் புயல் காலம். 2024 செப்டம்பர் 7 அன்று யாகி புயல் நேராக இந்தக் கரையில்தான் ஏறியது; நங்கூரத்தில் நின்ற படகுகளே மூழ்கின. ஆனால் புயலைவிட எனக்குப் பயம் தருவது பிற்பகல் இடிமழைதான். புயல் நாலு நாள் முன்பே தெரிந்துவிடும், துறைமுக நிர்வாகம் படகுகளை நிறுத்திவிடும். இடிமழை அரைமணியில் திரளும். 2025 ஜூலை 19 அன்று பிற்பகலில் 49 பேருடன் போன சுற்றுலாப் படகு ஒன்று இப்படித் திடீரென வந்த சூறைக்காற்றில் கவிழ்ந்தது. 10 பேர்தான் பிழைத்தார்கள். அன்று விபா புயல் இன்னும் வெகுதூரத்தில் இருந்தது. மழைக்குப் பயந்து உள்ளே போய் உட்கார்ந்தவர்கள் படகு புரண்டதும் வெளியே வர முடியாமல் சிக்கிக்கொண்டார்கள்.

அதனால் படகில் ஏறியதும் மூன்று காரியம் செய்யுங்கள். உயிர்காப்பு உடை அறையில் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அப்பா அம்மாவுக்கு ஒருமுறை போட்டு, வார் இறுக்கிப் பாருங்கள். அறையிலிருந்து திறந்த தளத்துக்குப் போகும் இரண்டு வழிகளை நடந்து பாருங்கள். வானம் மேற்கே கறுத்தால், பணியாளர் சொல்வதற்குக் காத்திராமல் உடையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு அருகில் வந்துவிடுங்கள். மூடிய அறைக்குள் அந்த உடையோடு இருப்பது ஆபத்து. படகு புரண்டால் அதன் மிதப்பே ஆளைக் கூரையோடு ஒட்டவைத்துவிடும், குனிந்து கதவுக்கு வர முடியாது.

நல்ல காலம் அக்டோபர், நவம்பர். வானம் தெளிவு, வெயில் இதம். டிசம்பர், ஜனவரியும் பரவாயில்லை, ஆனால் தளத்தில் காற்று எலும்பைத் தொடும், சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குத் தடித்த ஜாக்கெட் வேண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை தூறலும் மூடுபனியும். சுண்ணாம்புக் குன்றுகளின் தலையே தெரியாது, பனி அதிகமானால் படகையும் விடமாட்டார்கள். மே நல்ல மாதம்.

ஜூலைதான் முடியும் என்றால் பயணத்தை அவர்கள் ஊர் திரும்பும் நாளோடு ஒட்டி வைக்காதீர்கள். வந்த முதல் வாரத்திலேயே வைத்து, பின்னால் இரண்டு நாள் காலியாக விடுங்கள். படகு ரத்தானால் முழுப் பணமா, மறுதேதியா, பாதி வழியில் திரும்பச் சொன்னால் எவ்வளவு என்பதைப் பதிவுக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். புயல்களை இங்கே பெயரைவிட எண்ணால்தான் சொல்வார்கள். 2024இல் யாகி மூன்றாம் எண், 2025இல் விபாவும் மூன்றாம் எண். செய்தியில் எண் கேட்டால் எந்த ஆண்டு, எந்தப் புயல் என்று தேடிப் பாருங்கள்.

இப்போது எந்த விரிகுடா என்பது. கடைகளில் எல்லாவற்றையும் ஹாலாங் என்றுதான் விற்பார்கள், உள்ளே மூன்று தனித்தனிப் பகுதிகள். நடுவில் ஹாலாங்: சுங் சோட் குகை, டிடோப் தீவு. படங்களில் வருவது இதுதான், கூட்டமும் இங்கேதான். பிற்பகல் மூன்று மணிக்கு எல்லாப் படகும் சேர்ந்து குகை வாசலில் ஆளை இறக்கும். வடகிழக்கே பாய் து லாங்: படகு குறைவு, அமைதி அதிகம். தெற்கே கட் பா தீவை ஒட்டி லான் ஹா. இது ஹாய்ஃபோங் நிர்வாகத்தில் வருகிறது, ஹாலாங் குவாங் நின் மாகாணத்தில். இரண்டு நிர்வாகம் என்பதால் அனுமதியும் கட்டணமும் தனி. லான் ஹாவுக்குப் போகும் படகுகள் சில துவான் சாவ் துறையிலிருந்து கிளம்பும், சில ஹாய்ஃபோங் பக்கமிருந்து. எந்தத் துறை என்று கேட்காமல் வண்டி பேசாதீர்கள். ஹாலாங் 1994இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, கட் பா தீவுக்கூட்டம் 2023இல்தான் சேர்ந்தது. ஆனால் அழகில் லான் ஹா ஒரு பிடிகூடக் குறைந்ததில்லை. வயதானவர்களோடு போவதென்றால் என் தேர்வு லான் ஹா அல்லது பாய் து லாங்.

காரணம் முழங்கால். டிடோப் தீவின் உச்சிக்கு 400க்கும் மேற்பட்ட படிகள், நிழல் இல்லை. (1962இல் ஹோ சி மின்னோடு வந்த சோவியத் விண்வெளி வீரர் கெர்மான் தித்தோவின் பெயர்தான் அந்தத் தீவுக்கு.) சுங் சோட்டிலும் ஏறி, உள்ளே சுற்றி, இறங்க வேண்டும், ஈரத்தில் கல் வழுக்கும். ஹாலாங்குக்கே போவதென்றால், அங்குள்ள லுவோன் குகையில் ஏறவே வேண்டாம், உள்ளூர்க்காரர் மூங்கில் படகில் துடுப்பிட்டு அழைத்துப் போவார், அப்பா அம்மாவுக்கு அது போதும். இங்கே கடல் ஏற்றம் நாளுக்கு ஒருமுறைதான், மட்டமோ நான்கு மீட்டர் வரை மாறும். நீர் ஏறிய நேரத்தில் குகையின் கூரை தலைக்கு மேலே நெருங்கிவிடும், சில சமயம் உள்ளே விடமாட்டார்கள். அதனால் நிரலில் நேரம் மாறினால் படகுக்காரரைக் கோபிக்காதீர்கள். பெரிய படகிலிருந்து சின்னப் படகுக்கு மாறும் இடம்தான் வயதானவர்கள் தடுமாறும் இடம். இரண்டு கையும் காலியாக இருக்கட்டும், பைகளை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். குமட்டலுக்கு மாத்திரை தேவைப்படாது. குன்றுகள் அலையைத் தடுத்துவிடுகின்றன.

ஓர் இரவு என்று விற்பது உண்மையில் இருபத்திரண்டரை மணி நேரம். நண்பகலில் ஏறி, மறுநாள் காலை பத்தரைக்கு இறங்கிவிடுவீர்கள். பகல் படகு இன்னும் குறைச்சல். ஹனோயிலிருந்து போக வர ஐந்து மணி நேரம் சாலையிலேயே போய்விடும். ஹனோய் பழைய நகரத்து முகவர் கடைகளில் ஒரே படகை மூன்று விலைக்கு விற்பார்கள். படகின் பெயரையும் பதிவெண்ணையும் வாங்குங்கள். குவாங் நின் படகுக்கு கியூஎன், ஹாய்ஃபோங் படகுக்கு ஹெச்பி என்று தொடங்கும். ஏறும் நாளில் வேறு பெயர் இருந்தால் அங்கேயே கேள்வி கேளுங்கள். அறை மேல்தளத்தில், பின்பக்கத்திலிருந்து தள்ளி இருக்கட்டும். கீழே பின்னால் ஜெனரேட்டர் இரவெல்லாம் ஓடும். விலைக்குள் நுழைவுக் கட்டணம், கயாக், வேன், வரி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பானங்கள் பெரும்பாலும் தனி. தண்ணீர் பாட்டிலை மூட்டையாகக் கொண்டு போகாதீர்கள்; ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 செப்டம்பரிலிருந்து விரிகுடாவில் தடை.

சாப்பாடு முழுக்கக் கடல் உணவு. அம்மா சைவம் என்றால் வெறுமனே சைவம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். காய்கறிப் பொரியலிலும் நுவொக் மாம் என்கிற மீன் சாறு விழும். பௌத்த சைவமான ஆன் சாய் என்று சொல்லி, மீன் சாறும் சிப்பிச் சாறும் கூடாது என்று இரண்டு நாள் முன்பே எழுத்தில் தெரிவியுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இங்கே பலர் சைவம் சாப்பிடுகிறார்கள், சமையல்காரருக்குப் புதிதல்ல.

இந்த நாலு வார்த்தையைக்கூடக் கற்காமல் பத்து ஆண்டு ஓட்டும் நம் ஆட்கள் இங்கே நிறைய. முப்பது பேர் வாட்ஸ்அப்பில் சேர்ந்து, மலிவான பகல் படகு ஒன்றைப் பிடித்து, ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொண்டு போய் வந்து, ஹாலாங்கில் ஒன்றுமில்லை என்பார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். வியட்நாமிய எண்களையும் இருபது வாக்கியங்களையும் கற்றுக்கொண்ட நாளிலிருந்து எனக்கு இந்த ஊர் வேறு ஊராகிவிட்டது. படகுத் தலைவரிடம் காற்று எப்படி என்று நானே கேட்டுப் பதிலைப் புரிந்துகொள்வதில் எனக்குப் பெருமை உண்டு.

அந்தக் காலத்தில் ஹனோயிலிருந்து ஹாலாங்குக்கு நாலு மணி நேரம். நிலக்கரி லாரிகளின் பின்னால் ஊர்ந்து போக வேண்டும். 2006இல் பாலம் திறக்கும்வரை ஹாலாங் ஊரின் ஒரு கரையான பாய் சாயிலிருந்து மறுகரையான ஹோன் காய்க்குப் படகில்தான் வண்டியை ஏற்றுவார்கள். 2018இல் விரைவுச்சாலை வந்தபின் இரண்டரை மணி நேரம். படகுகள் எல்லாம் மரத்தின் நிறத்திலேயே இருந்தன. 2012இல் வெள்ளை அடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. எனக்கு இன்றும் அது பிடிக்கவில்லை. மிதக்கும் மீனவர் கிராமங்களில் குழந்தைகள் துடுப்புப் போட்டுப் பள்ளிக்குப் போனார்கள். 2014இல் அந்தக் குடும்பங்களைக் கரைக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது நீங்கள் காண்பது பெரும்பாலும் பார்வையாளருக்காக வைத்திருக்கும் வீடுகள்.

படகு ரத்தானால் பெற்றோரை ஹோட்டலில் உட்கார வைக்காதீர்கள். நின் பின் பக்கம் ஹனோயிலிருந்து 100 கிலோமீட்டருக்குள். ட்ராங் ஆனில் அதே சுண்ணாம்புக் குன்றுகள், ஆனால் நிலத்துக்குள், ஆற்றில். நாலு பேர் ஏறும் துடுப்புப் படகில் இரண்டு மூன்று மணி நேரம் போகலாம். வெயிலுக்குத் தொப்பி மட்டும் போதும்.

கடைசியாகக் காகிதம். இந்தியர்களுக்கு மின்விசா 90 நாள் வரை கிடைக்கும், ஒருமுறை நுழைய 25 டாலர். அரசு தளத்தில் மட்டும் எடுங்கள். அப்பா பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், பக்கத்தின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் இருக்கிறபடியே விசாவிலும் படகுப் பதிவிலும் பெயரைப் போடுங்கள். படகில் எல்லோருடைய அசல் பாஸ்போர்ட்டும் கேட்பார்கள். வசிப்பு அட்டைக்காக உங்கள் பாஸ்போர்ட் குடிவரவு அலுவலகத்தில் இருக்கும் வாரங்களில் பயணத்தை வைக்காதீர்கள். வேறு வழியில்லை என்றால் அலுவலகம் தந்த ரசீதும் பாஸ்போர்ட் நகலும் போதுமா என்று படகு நிறுவனத்திடம் முன்பே கேட்டு, பதிலை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.