நடிக்கிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (இலங்கை மலையகத்து நோர்வூட் வாசகி): பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பையன்கள் கைக்காசு போட்டு ஒரு குறும்படம் எடுத்தார்கள். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை, ஆனால் தாத்தாவாக வந்தவர் பிளந்து கட்டிவிட்டார். இவர்களெல்லாம் எங்கே நடிப்புப் படித்தவர்கள்?

பதில்: அந்தத் தாத்தாவிடமே கேட்டுப் பாருங்கள், வாலிபத்தில் காமன் கூத்தில், அதாவது சிவன் மன்மதனை எரித்த கதையைத் தோட்டங்களில் ஆடுகிற கூத்தில், மன்மதன் மனைவி ரதியாக வேசம் கட்டியவராக இருந்தாலும் இருப்பார். சிரிக்காதீர்கள். மாசியில் காமன் கம்பம் ஊன்றி, விரதமிருந்து, கூத்து மாஸ்டரிடம் பாட்டும் ஆட்டமும் பழகி, தப்பு மேளச் சத்தத்துக்கு மேலே குரல் எழும்பப் பாடி, மன்மதன் எரிந்ததும் புருஷனைப் பறிகொடுத்தவளாக ஒரு ஆம்பளை வைக்கிற ஒப்பாரியில் லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். அதைச் செய்தவருக்குக் கேமரா ஒரு பொருட்டா? என்ன, கூட்டத்தின் கடைசி ஆளுக்கும் கேட்கப் பாடிப் பழகிய தொண்டை, மைக் சட்டையிலேயே இருக்கிறது என்றாலும் இறங்காது.

அப்புறம் ஆசிரியர்கள். நாடகமும் அரங்கியலும் பாடசாலையில் ஒரு பாடம், தமிழ்த் தினப் போட்டிக்கும் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்க வேண்டும். ஆக, யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பு விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலோ அரங்கியல் படித்துவிட்டு வந்தவர், வாரநாளில் சோக்கட்டியும் சனிக்கிழமையில் வேசமுமாக ஓடிக்கொண்டிருப்பார்.

பெண்கள் கிடைப்பதுதான் பெரும்பாடு. கொழுந்தெடுக்கிற பெண் படப்பிடிப்புக்கு வந்தால் அன்றைக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும், அதனால் அவருடைய காட்சிகளை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுகிறார்கள். கேமராவுக்கு வாடகை கொடுத்துவிட்டு அந்தப் பெண்ணிடம் மட்டும் 'இது கலைச்சேவை அக்கா' என்று சொல்கிற இயக்குநர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. போன பேருக்கான காசையாவது கையில் கொடுங்கள்.

கேள்வி (பதுளை வாசகர்): தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் சினிமாவில் கதாநாயகனாக நடித்தாராமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸின் வி. பி. கணேசன். அரசியல்வாதி மனோ கணேசனின் அப்பா என்றால் இன்றைய பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கும். 1975இல் 'புதிய காற்று', 1978இல் 'நான் உங்கள் தோழன்', 1981இல் 'நாடு போற்ற வாழ்க' என்று மூன்று படங்களைத் தயாரித்து நாயகனாகவும் நடித்தார். 'புதிய காற்று' தோட்டத் தொழிலாளர் கதை, அதன் எழுத்தில் நம் மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பின் பங்கும் உண்டு. அந்தக் காலத்து இலங்கைத் தமிழ்ப் படங்களுக்கு நடிப்பே முழுநேரத் தொழிலாக இருந்தவர்களைத் தேடினால் எங்கே போவது? வானொலி ஆட்களே கை கொடுத்தார்கள். 1976இல் வந்த 'கோமாளிகள்' வானொலித் தொடரிலிருந்து பிறந்த படம். மரிக்கார் ராமதாஸ், உபாலி செல்வசேகரன் என்று அவர்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டதும் அந்தப் பாத்திரங்கள்தான். ரேடியோவில் குரல் கேட்டுப் பழகியிருந்த சனம் முகத்தைப் பார்க்கவே தியேட்டருக்குப் போனது.

கேள்வி (ஹட்டன் வாசகர்): இலங்கை இயக்குநர் பிரசன்ன விதானகேயின் 'பாரடைஸ்' படம் நம் மலைநாட்டில் நடக்கிற கதை. நாயகனும் நாயகியும் ஏன் கேரளத்துக்காரர்கள்?

பதில்: கதையில் அவர்கள் கேரளத்திலிருந்து சுற்றுலா வருகிற ஜோடி, அதனால் அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ரோஷன் மேத்யூ, தர்ஷனா ராஜேந்திரன் இரண்டு பேருமே மேடை நாடகத்தில் நடித்துவிட்டு சினிமாவுக்கு வந்தவர்கள். கூட நடித்த மகேந்திர பெரேராவும் ஷ்யாம் பெர்னாண்டோவும் சிங்களப் படங்களில் நன்கு அறிமுகமானவர்கள். 2023இல் தென்கொரியாவின் பூசான் திரைப்பட விழாவில் படம் கிம் ஜிசோக் விருதும் வாங்கியது. என் ஆதங்கம் வேறு: மலையைக் காட்டுகிற படங்களில் நம் ஆட்களுக்குப் பெரும்பாலும் கூட்டத்தில் நிற்கிற வேலைதான். அந்த நோர்வூட் தாத்தாவுக்கு நாலு பக்க வசனம் கொடுக்க யாராவது முன்வந்தால் விலாசத்தை வாங்கி அனுப்ப நான் தயார்.