உபுண்டுவுக்கு எவ்வளவு டிஸ்க் குடுக்கணும்? (கடிதமும் பதிலும்)

சார் வணக்கம். விண்டோஸ் லேப்டாப்ல விர்ச்சுவல்பாக்ஸ் (விண்டோஸுக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓட வைக்கற சாஃப்ட்வேர்) போட்டு உபுண்டுங்கற லினக்ஸை ஓட்டிப் பாக்கலாம்னு உக்காந்தா எத்தனை ஜிபி டிஸ்க்னு கேக்குது. எங்கிட்ட காலியா இருக்கறதே 60தான். 25 குடுத்தா அவ்வளவும் போயிடுமா? டைனமிக்கா ஃபிக்ஸடா? என் ஃபைலெல்லாம் அழிஞ்சிடுமோனு கேன்சல் பண்ணிட்டேன்.
கே.

அன்புள்ள கே.,

விர்ச்சுவல்பாக்ஸ் உங்க ஹார்ட் டிஸ்க்ல இருக்கற எதுலயும் கையே வைக்காதுங்க, விண்டோஸுக்குள்ள விடிஐனு முடியற ஃபைல் ஒண்ணு உருவாக்கும், அவ்வளவுதான். இன்ஸ்டால் பண்றப்போ "மொத்த டிஸ்க்கையும் அழிக்கவா"னு உபுண்டு கேக்கும், அங்கயும் பயப்படாதீங்க, அதுக்குத் தெரிஞ்ச டிஸ்க்கே அந்த ஃபைல்தான்.

டைனமிக் போதும். நீங்க போடற நம்பர் வெறும் உச்சவரம்பு, ஃபைல் சின்னதா ஆரம்பிச்சு உள்ள எழுத எழுத வளரும். ஃபிக்ஸட்னா 25ஐயும் முதல்லயே பிடிச்சுக்கும், வேகம் கூடும்பாங்க, எஸ்எஸ்டில எனக்கு பெருசா வித்தியாசம் தெரியல. உபுண்டு டெஸ்க்டாப்புக்கு 25 சொல்றாங்க, நானா இருந்தா 40 போடுவேன், ஏன்னா அப்புறம் டிஸ்க்கை பெருசாக்கறது சுலபம்தான், ஆனா உள்ள இருக்கற பார்டிஷன் (டிஸ்க்ல உபுண்டு பிரிச்சு வச்ச பகுதி) பழைய சைஸ்லயே நிக்கும், அதை தனியா நீட்டணும், அந்த வேலை எதுக்கு.

நிஜமா கவனிக்க வேண்டியது வேற. இந்த ஃபைல் வளரும், தானா சுருங்காது. உபுண்டுக்குள்ள 10 ஜிபி படத்தை டெலிட் பண்ணாலும் வெளிய சைஸ் அப்படியே இருக்கும், ஏன்னா டெலிட்னா உபுண்டு தன் கணக்குல "இந்த இடம் காலி"னு குறிச்சுக்குது, பழைய டேட்டா அங்கயேதான் கிடக்கு, விர்ச்சுவல்பாக்ஸுக்கு எது குப்பை எது சரக்குனு எப்படித் தெரியும்? குறைக்கணும்னா காலி இடம் பூரா பூஜ்யம் எழுதி, உபுண்டுவை ஷட்டவுன் பண்ணிட்டு, விர்ச்சுவல்பாக்ஸ் கூடவே வர்ற விபாக்ஸ்மேனேஜ் கமாண்ட்ல காம்பாக்ட் (ஃபைலைச் சுருக்கற வேலை) ஓட்டணும்.

அதைவிட இடம் தின்றது ஸ்னாப்ஷாட், அதாவது பின்னாடி திரும்பிப் போக வசதியா மெஷினோட அப்போதைய நிலையைப் பிடிச்சு வைக்கறது. எடுத்ததுக்கு அப்புறம் மாறறதெல்லாம் புது ஃபைல்ல போகும், ஒவ்வொண்ணும் 40 வரைக்கும் வளரலாம், அப்ப உங்க உச்சவரம்புக்கு அர்த்தமே இல்ல. இடம் பத்தலன்னு எக்ஸ்ப்ளோரர்ல போய் அந்த ஸ்னாப்ஷாட் ஃபைலை மட்டும் தூக்கிடாதீங்க, மெஷினே கிளம்பாது. விர்ச்சுவல்பாக்ஸ்ல இருந்தே ஸ்னாப்ஷாட்டை டெலிட் பண்ணுங்க, அதுவே பழைய ஃபைலோட சேத்துக்கும், ஆனா சேக்கறதுக்கே கொஞ்சம் காலி இடம் வேணும், அதனால டிஸ்க் நிரம்பற வரைக்கும் விடாதீங்க.

விடிஐ ஃபைலை பென்டிரைவ்ல வச்சுக்கலாம்னு தோணுச்சுன்னா முதல்ல அந்த டிரைவோட ஃபார்மேட் ஃபேட்32வானு பாருங்க. அதுல ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது, பாதி இன்ஸ்டால்லயே நின்னுடும். என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்னா ஓகே.